குழந்தை யாருடைய உடைமை?

பெற்றோரின் அன்பும் மருத்துவரின் அறிவும் பெரும்பாலும் ஒரே திசையில் செல்கின்றன. அவை முரண்படும்போது, பேசவும் அறியாத குழந்தைக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு?

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உடல் ஒட்டிய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஒருத்தியின் இதயமே இருவருக்கும் இரத்தத்தைச் செலுத்தி வந்தது. பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இருவரும் இறப்பர். பிரித்தால் அவள் பிழைக்கலாம், மற்றவள் உடனே இறப்பாள் என்றனர் மருத்துவர்கள். மால்டா நாட்டவரான பெற்றோர் ஆழ்ந்த கத்தோலிக்கர். ஒரு மகளைக் காக்க மற்றொரு மகளின் உயிரைப் போக்க அவர்கள் இசையவில்லை. செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதியளித்தது. தாங்கள் அமர்ந்திருப்பது சட்டத்தின் மன்றமேயன்றி அறத்தின் மன்றமன்று என்று நீதிபதி வார்டு குறிப்பிட்டார். நவம்பரில் சிகிச்சை நடந்தது. ஒருத்தி இறந்தாள், மற்றவள் பிழைத்துத் தாயகம் திரும்பினாள்.

2017-இல் லண்டனில் நிலைமை தலைகீழாக இருந்தது. அரிய மரபணு நோயால் மூளை பாதிக்கப்பட்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஆண் குழந்தைக்கு அமெரிக்காவில் ஒரு சோதனைமுறைச் சிகிச்சையளிக்கப் பெற்றோர் விரும்பினர். அதனால் பயனில்லை, துன்பமே நீளும் என்றனர் மருத்துவர்கள். நீதிமன்றங்கள் மருத்துவர்களின் கருத்தையே ஏற்றன. முதல் பிறந்தநாளுக்குச் சில தினங்கள் முன்பு அக்குழந்தை இறந்தது.

முன்னவர்கள் சிகிச்சையை மறுத்தனர், பின்னவர்கள் வேண்டினர். இரு வழக்குகளிலும் நீதிமன்றம் முதலில் எழுப்பிய கேள்வி ஒன்றே: குழந்தைக்கு எது நன்மை?

'என் குழந்தை' என்னும் சொல்லில் இரு பொருள்கள் உறைகின்றன: ஒன்று உடைமை, மற்றொன்று பொறுப்பு. நீதிமன்றம் மறுப்பது முதலாவதை மட்டுமே. 'என் நோயாளி' என்னும் மருத்துவருக்கும் இது பொருந்தும்.

ஆயினும் ஒரு முள் எஞ்சுகிறது. தீர்ப்பளித்தவர் வீடு திரும்புகிறார்; பெற்றோரோ வாழ்நாள் முழுவதும் துயரைச் சுமக்கின்றனர். சுமப்பவருக்கே முடிவெடுக்கும் உரிமை வேண்டாமா? துயரம் கேட்கப்படும் உரிமையைத் தருகிறது. இன்னோர் உயிரின் மீது ஆதிக்கத்தைத் தருவதில்லை. அந்த உயிர் தன் வயிற்றில் பிறந்ததாயினும் அதுவே நியதி.

இரட்டையர் வழக்கிலோ இந்த அளவுகோலும் தடுமாறியது. அங்கே குழந்தைகள் இருவர்; ஒருத்தியின் நன்மை மற்றவளின் மரணம். ஒருத்தி பிழைத்ததனால் பெற்றோர் தவறு செய்தார்கள் என்றாகிவிடாது. அவளும் இறந்திருந்தால் நீதிபதிகள் தவறு செய்தார்கள் என்றும் ஆகியிராது. பலனைக் கொண்டு மட்டும் செயலின் நேர்மையை அளக்க இயலாது. முடிவெடுப்பவர் தம் அச்சத்தையும் பெருமிதத்தையும் விலக்கிவிட்டு அக்குழந்தையின் நிலையில் நின்று பார்த்தாரா என்பதே கேள்வி. சட்டம் அந்தப் பார்வையைக் கோரலாம். அதை உள்ளத்தில் வளர்த்துக்கொள்வது ஒவ்வொருவரின் கடமை.