திரையில் தெரிவது காட்சியா, உரையா?

ஊராத்துறைக் கடலில் கப்பல் உடைந்தால் அரசனுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு? யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பலென்றால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மற்ற மூன்றும் உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் சரிபாதி. 12ஆம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு இதைத் தமிழில் கல்லில் வெட்டுவித்தான். அந்தக் கல் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. 1963இல் கா. இந்திரபாலா அதைப் பதிப்பித்து ஆராய்ந்தார். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. சுருவில் கிராமம் இருப்பதும் அதே தீவில்தான்.

கல்லில் வெட்டுகிறவன், சொன்னது மாறாது என்று நம்புகிறான். இணையப் பக்கம் கட்டுகிறவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

ஆனி மாதத் திருவிழாவுக்குச் சுருவிலிலிருந்து ஒரு குடும்பம் நயினாதீவுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலணை கடந்து, கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு, அங்கே குறிகாட்டுவான் துறை, பிறகு லோஞ்ச். வீட்டை விட்டு இறங்குமுன் மகள் கைத்தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறாள். அதில் மூன்று கட்டங்கள்: லோஞ்ச் நேரம், பூசை நேரம், காற்று நிலை. பார்ப்பவருக்கு அது ஒரே பக்கம். கட்டியவருக்கு மூன்று தனித்தனிக் கூறுகள். 2013இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் போன்ற கருவிகள் இப்படித்தான் பக்கத்தைக் கூறுகூறாகக் கட்டச் சொல்கின்றன. ஒவ்வொரு கூறும் எங்கோ இருக்கும் சர்வரிடம் தன் கேள்வியைத் தானே அனுப்பலாம். பதில்கள் வரும் ஒழுங்குக்கு யாரும் பொறுப்பில்லை.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. மகள் முதலில் ‘நயினாதீவு’ என்று அழுத்துகிறாள். உடனே தம்பி குறும்பாக ‘நெடுந்தீவு’ என்று அழுத்திவிடுகிறான். அங்கே போகவும் குறிகாட்டுவானில்தான் ஏற வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் முந்தி வருகிறது. முதல் கேள்வியின் பதில் பிந்தி வந்து, இருந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தலைப்பில் நெடுந்தீவு, கீழே நயினாதீவின் நேரம். இரண்டு பதிலும் உண்மை. சேர்ந்து நின்றதும் பொய். நிரலாளர்கள் இதற்குக் கண்டிருக்கும் மருந்து எளியது: கேள்வி மாறியதுமே பழைய கேள்வியைக் கைவிட வேண்டும், அதன் பதில் பிறகு வந்தாலும் வாங்கக்கூடாது.

கேள்வி மாறியதை நிரல் எப்படி அறியும்? எதைச் சார்ந்து இந்த வேலை நடக்கிறது என்று நிரலாளர் ஒரு பட்டியல் கொடுத்திருப்பார். பட்டியலில் ஒன்று மாறினால் வேலை புதிதாகத் தோன்றும், மாறாவிட்டால் தோன்றாது. அந்தப் பட்டியலைத் தமிழில் ‘சார்புகள்’ என்றே சொல்லலாம். இந்தச் சொல் தீவகத்துக்குப் புதிதல்ல. சாத்தனாரின் மணிமேகலை 30ஆம் காதையில் அறவண அடிகள் விளக்குவது பன்னிரு சார்புகளைத்தான்: பேதைமை சார்ந்து செய்கை, செய்கை சார்ந்து உணர்வு என்று தொடங்கி மூப்பிலும் சாவிலும் போய் நிற்கும் சங்கிலி. அந்தப் பௌத்தக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத் தீவு நயினாதீவே என்று சொல்பவர் பலர், மறுப்பவர்களும் உண்டு. நிரலின் சார்பும் பௌத்தரின் சார்பும் ஒன்றென்று சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் ‘தானாக நிற்கும் பொருள் எதுவுமில்லை, எல்லாம் சார்ந்தே தோன்றும்’ என்ற பார்வை பழகியவருக்கு இந்த வகை நிரல் சீக்கிரம் பிடிபடும்.

டான்ஸ்டாக் குவெரி என்ற கருவி இன்னும் ஒரு படி போகிறது. நிரலாளர் வேறு விதமாகச் சொல்லாத வரை, வந்து சேர்ந்த தரவை அது அந்தக் கணமே ‘பழசு’ என்று குறித்துவிடும். பழசுக்கான அவகாசம் பூச்சியம். எல்லாம் கணந்தோறும் அழியும் என்று கணபங்கவாதம் பேசிய பௌத்தர் யாரும் இதில் குறை காணமாட்டார்கள்.

சைவர் அன்று எழுப்பிய தடை இங்கேயும் எழுகிறது. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிந்தால் நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவன் யார்? சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் எடுத்துக்கொண்டு மறுக்கிறார். திரையில் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியும். மகள் வேறு பக்கத்துக்குப் போனால் கூறு மடிகிறது; அது தனக்குள் வைத்திருந்த தரவும் கூடவே போகிறது. திரும்பி வந்தால் மறுபடி வெறும் வட்டம் சுற்றும். அதனால் தரவைக் கூறுக்கு வெளியே, பெயரிட்ட ஓரிடத்தில் வைத்தார்கள். கூறு மடிந்தாலும் அது இருக்கும், புதிதாய்ப் பிறந்த கூறு வந்து எடுத்துக்கொள்ளும். உடல் போய் வினை தங்குவது போல என்று சைவ சித்தாந்தி சொல்லக்கூடும். ஆனால் இந்த வினைக்கு ஆயுள் குறைவு: யாரும் தேடாவிட்டால் அதே கருவி ஐந்து நிமிடத்தில் அதைத் துடைத்துவிடும்.

நடைமுறையில் வென்றது ஒரு சமரசம். பழசைக் காட்டு, காட்டிக்கொண்டே புதிதைக் கேள், வந்ததும் மாற்று. இதற்கான விதி 2010இல் ஆர்எஃப்சி 5861 என்ற இணைய ஆவணத்தில் எழுதப்பட்டது. 2019இல் வந்த எஸ்டபிள்யூஆர் என்ற கருவி தன் பெயரையே அதிலிருந்து எடுத்தது. நல்ல ஏற்பாடுதான். வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வியை அது மூடி மறைக்கிறது. சைவ சித்தாந்தம் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, மூன்றாகச் சுருக்கும்: காட்சி, கருதல், உரை. திரையில் ‘லோஞ்ச் 7.30’ என்று தெரிகிறது. கண்ணால் பார்ப்பதால் அது காட்சி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது உரை: எங்கோ ஒருவர் எப்போதோ சொன்னது. உரை என்றால் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கேட்க வேண்டும். நன்றாகக் கட்டிய பக்கம் அந்தக் கேள்வி எழவே இடம் கொடுக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தாம்போதியில் சிக்னல் அறுந்து புதிய பதில் வராமல் போனாலும், அதே 7.30 அதே தெளிவோடு நிற்கும். பராக்கிரமபாகுவின் கல் இந்த விஷயத்தில் நேர்மையானது. யாருடைய ஆணை என்பதை அது சொல்லிவிடுகிறது.

பக்கம் கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம்: நேரத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்திலாவது, ‘காலை 6.10க்குக் கேட்டது’ என்று ஒரு வரி போடுங்கள். அதற்கான விவரம் கருவியிடம் ஏற்கெனவே இருக்கிறது.