கடன் உண்டு, குற்றம் இல்லை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அமாவாசைதோறும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் எள்ளும் நீரும் இறைத்துக் கரையேறுவோர் பலரிடம் ஓர் அச்சத்தைக் காண்கிறோம். "பாட்டனார் செய்த பாவம் எங்களைத் தொடர்கிறதாமே?" என்று கேட்கிறார்கள். திருமணம் தடைப்பட்டாலும், குழந்தை நோயுற்றாலும், முன்னோர் குற்றமே காரணம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். இது குறித்து நம் பூர்வர்கள் காட்டிய நெறியைச் சிறிது அநுஸந்திப்போம்.

கடன் வேறு, குற்றம் வேறு. பித்ரு ருணம் என்பது, உடலும் குலமும் தந்தோர்க்கு நாம் பட்டுள்ள நன்றிக்கடன். தர்ப்பணம் அதன்பொருட்டே, பிறர் பாவத்துக்கு நாம் கட்டும் அபராதம் அன்று. தந்தை சூதாடியும் குடித்தும் பட்ட கடனையும், அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டத்தில் நின்ற பாக்கியையும் மகன் செலுத்த வேண்டுவதில்லை என்கிறது மநு தர்ம சாஸ்த்ரம். வங்கியில் பணியாற்றிய நமக்கு இது பழகிய நியாயமே. இறந்தவரின் கடனுக்கு வாரிசு, தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவார். தந்தையின் கடனை அடைப்பது புத்ர தர்மம் என்ற ஒரே காரணத்தால் மகனைத் தொடரும் வழியையும், 2005ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன்பின் பட்ட கடன்களுக்கு அடைத்துவிட்டது. பணக்கடனுக்கே இவ்வரம்பு என்றால், செய்தவனையே சேரும் கர்மத்துக்குச் சொல்லவும் வேண்டுமோ?

தந்தை சூதில் வீட்டை இழந்தால் மகன் வறுமையுறுவான் அல்லவா எனில், உறுவான். அது விளைவு, அதனால் அவன் குற்றவாளி ஆகான்.

திருவரங்கத்தில் தாயார் ஸந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபமும், அருகில் மேட்டழகிய சிங்கர் ஸந்நிதியும் உள்ளன. கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றியபோது, வால்மீகி பாடாத இரணியன் வதையைச் சிலர் ஆட்சேபிக்க, சிங்கப்பிரானே அதை ஏற்றருளினார் என்பது இத்தலத்தில் ப்ரஸித்தம். கம்பர் அவ்வரலாற்றை ஸ்ரீவிபீஷணாழ்வான் வாயிலாக இராவணனுக்குச் சொல்வித்தார். இரணியனின் மகன் கதையை இராவணனின் தம்பி உரைக்கிறார்!

இரணியன் எம்பெருமானை நிந்தித்தவன்; அடியாரை நலிந்தவன். அதில் ஒரு துளியும் ப்ரஹ்லாதாழ்வானைச் சேரவில்லை. மாறாக, தந்தை தூயனாக வேண்டும் என்று அவர் ப்ரார்த்திக்க, இருபத்தொரு தலைமுறை தூய்மை பெற்றதாக எம்பெருமான் அருளினான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். பின்னாளில் கண்ணன் பாணாசுரனைக் கொல்லாது விட்டதும், அவன் ப்ரஹ்லாதன் வழிவந்தவன் என்பதாலே. தந்தையின் பாவம் கீழிறங்கவில்லை. மகனின் பக்தியோ மேலும் கீழும் பாய்ந்தது.

ஸ்ரீவிபீஷணாழ்வான் சரணம் புகுந்தபோது, பகைவனின் தம்பி என்று சுக்ரீவ மஹாராஜர் ஐயுற்றார். அவரோ, கொடியவனான இராவணனுக்குத் தம்பி என்று தாமே சொல்லிக்கொண்டு வந்தார். பெருமாள் அபயமளித்தார். ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும்: இலங்கையையும் செல்வத்தையும் துறந்தே அவர் வந்தார்.

நமக்கு எச்சரிக்கை இங்கேதான் உள்ளது. முன்னோர் வஞ்சித்துப் பெற்ற நிலத்தை அறிந்தும் நாம் அநுபவித்தால், அது பாட்டனாரின் பாவம் அன்று, நம்முடையது. அவர்கள் பிறப்பைக் காட்டி ஒரு பாகவதரை இகழ்ந்திருந்தால், அச்செருக்கை நாமும் தொடரும் நாளில் அபசாரம் நம்முடையதாகிறது. அஞ்சிப் பரிஹாரம் தேடுவதினும், தர வேண்டியதை உரியவர்க்குத் தருவதும், விட வேண்டியதை விடுவதுமே நம் கடமை.

போர் முடிந்தபின் தமையனுக்கு ஈமக்கடன் செய்ய ஸ்ரீவிபீஷணாழ்வான் தயங்கினார். செய்யும்படி பெருமாளே நியமித்தார். கடனைச் செய்தார், குற்றம் அவரைச் சேரவில்லை. அவருக்கே ஸ்ரீரங்க விமானமும் கிடைத்தது. அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிலைகொண்டுவிட, அவருக்காகப் பெரிய பெருமாள் இன்றும் தென்திசை இலங்கையை நோக்கிக் கண்வளர்ந்தருள்கிறார். இராவணனோடு உடன்பிறந்தவரைக் குளிர நோக்கும் அத்திருக்கண்கள், நம் குலத்தின் குற்றத்தை எண்ணி நம்மைத் தள்ளுமோ?

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.