அறமும் ஆட்சியுபாயமும்

ஒருவன் தன் காரியங் கருதிச் செய்த செயலினாற் பிறர்க்கு நன்மை விளையுமாயின், அச்செயல் அறமாகுமோ? அந்நன்மையைப் பெற்றார் அவனுக்கு நன்றி பாராட்டக் கடவரோ? சரித்திரபாடம் கற்பிக்குஞ் சைவாசிரியர்க்கு இவ்வினாக்கள் அடிக்கடி எதிர்ப்படுவன. யாழ்ப்பாணச் சரித்திரத்தில் இதற்குத் தக்க உதாரணம் ஒன்றுண்டு.

தோமஸ் மெயிற்லண்ட் என்னும் சேனாபதி ஸ்கொத்லாந்துப் பிரபு குலத்தவர். இந்தியாவிற் போர்த்தொழில் புரிந்தவர். 1798 இல், இக்காலத்து எயித்தியாகிய சாந்தோமிங்கிலே, அடிமைத்தளை நீங்கியெழுந்த மக்களின் தலைவராகிய தூசேன் லூவெர்த்தூரோடு உடன்படிக்கை செய்து ஆங்கிலச் சேனையை மீட்டுச் சென்றவரும் அவரே. 1805 இல் இலங்கைத் தேசாதிபதியாகி 1811 வரை ஆண்டனர். பின்னர் மால்ற்றாவுக்கும் அயோனியத் தீவுகளுக்கும் அதிபதியாயிருந்து 1824 இல் இறந்தனர்.

அவர் இங்கு வந்தபோது, 1803 ஆம் ஆண்டுக் கண்டிப்போரிலுற்ற தோல்வியினாலும் பொருண்முடையினாலும் அரசு தளர்ந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்துத் தமிழ் முதலியார் பன்னிருவர் பார்வையிட்ட தேசவழமைக்கு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அவரது அரசு முழுச் சட்டவலிமை அளித்தது. அதனால் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் ஆகியவை பற்றிய வழக்குகள் நம்மவர் வழக்கத்தின்படியே தீர்க்கப்படலாயின. இது நம்மேல் வைத்த அன்பினாலன்று. குடிகளின் வழக்கத்தைக் கலைத்தாற் கலகமுஞ் செலவும் மிகுமென்னும் உபாயத்தினாலென்று கொள்ளவே இடமுண்டு.

சைவசித்தாந்தம் இதனை எங்ஙனம் நிறுக்கும்? தக்கன் செய்தது வேள்வியே. அன்பின்மையால் அது தீவினையாயிற்று. சண்டேசுரர் செய்தது தந்தையின் தாளைத் தடிந்தமையே. அன்பினால் அது சிவபுண்ணியமாயிற்று. ஆகவே வினையின் தரம் கருத்தின் வழியது. அங்ஙனமாயின் பெற்றார்க்குக் கடனில்லையோவெனின், அற்றன்று. வினைப்பயன் செய்தானைச் சாரும். நன்றிக்கடன் பெற்றானைச் சாரும். இவ்விரண்டும் வெவ்வேறு கணக்குக்கள். தன் வேலிக்கென்று ஒருவன் பூவரசு நட, வழிப்போக்கன் அதன் நிழலிலே தங்குகின்றான். நிழல் பெற்றிலேன் என்றல் பொய். நட்டவன் தன்பொருட்டே நட்டானென்று கொள்ளுதலும் பொய். உற்றதை உற்றவாறு உரைத்தலே வாய்மை.

இனி, ஆராயவேண்டியது மற்றொன்றுளது. அத்தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844 இலேயாம். விடுதலைபெற்ற அடிமைகளின் தலைவரோடு சமமாயிருந்து உடன்படிக்கை செய்த சேனாபதி, இங்கே அவ்விதிகளையும் உடன்காத்தனர். உபாயம் அமைதியை நோக்குமன்றி அறத்தை நோக்காது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? ஆயினும் பழி அவர்க்கு மாத்திரம் உரியதன்று. அவ்விதிகளை நம் வழக்கமென ஒப்பியவர் நம் முன்னோரே. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களிற் சிறுபிள்ளைகளுக்குச் சமவாசனம் மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. திருநாளைப்போவாரை நாயனார் வரிசையில் வைத்து வணங்குஞ் சமயத்தார்க்கு இது தகுமோ?

அந்நியர் கருத்தை ஆராயும் நுண்மதி நம் வழக்கத்தையும் ஆராய்தல் வேண்டும். வழக்கம் பழமையால் அறமாகாது. சட்டம் காத்தமையாலும் அறமாகாது. ஆகலின் ஆசிரியர்காள், ஓர் அதிபதியின் சரித்திரத்தைக் கற்பிக்குங்கால், அவர் யாது கருதினார், யார் பயன்பெற்றார், யார் சுமை சுமந்தார் என்னும் மூன்றையும் மாணாக்கர் வினாவும்படி பயிற்றுமின். மூன்றாவது வினாவை மறவாத மாணாக்கனிடத்தே சைவநீதி விளங்கும்.