பார்ப்பதும் வேவு பார்ப்பதும்

“என் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன்.” பெற்றாராகிய நாம் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. சொல்லும்போது பெருமையாக இருக்கும். சில வேளைகளில் அந்தப் பெருமைக்குள்ளே ஒரு பயமும் ஒளிந்திருக்கும்.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை உடுப்புத் தோய்க்க எடுக்கும்போது, மகனின் காற்சட்டைப் பையில் ஒரு சிறு குளிசை அகப்படுகிறது. நல்ல நிறம், ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு படம் பொறித்திருக்கிறது. வைத்தியர் கொடுத்த மருந்தாகத் தெரியவில்லை. அவள் என்ன செய்வாள்? அதைக் குப்பையில் எறிந்துவிட்டு வாய் திறவாது இருக்கலாம். அல்லது வீடே அதிரச் சத்தமிட்டு, தகப்பனையும் மாமனையும் அழைத்து விசாரணை நடத்தலாம். முன்னது பொறுமை போலவும், பின்னது கண்டிப்புப் போலவும் தோன்றும். ஆனால் இவ்விரண்டிலும் அந்தப் பிள்ளையின் முகத்தை யாராவது பார்த்தார்களா?

குளிசையும் அடையாளங்களும்

அந்தக் குளிசைக்கு எக்ஸ்டசி என்று பெயர். எம்.டி.எம்.ஏ. என்னும் இந்த இரசாயனப் பொருள் 1912ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் உருவானது. 1980களில் மேல்நாட்டு நடன மண்டபங்களில் பரவியது. இதைத் தூரதேசத்து வியாதி என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவிலிருந்து தபாற் பொதிகளில் வந்த இக்குளிசைகளைக் கொழும்பில் சுங்கப் பகுதியினர் பலமுறை கைப்பற்றியிருக்கின்றனர். மேலும், நம் குடும்பங்களில் இலண்டனிலோ பாரிசிலோ ரொறன்ரோவிலோ ஒரு பிள்ளை இல்லாத குடும்பம் எத்தனை?

இதை உட்கொண்டவரிடம் காணக்கூடிய அடையாளங்கள் உண்டு. வெளிச்சத்திலும் கண்மணிகள் பெரிதாக விரிந்திருக்கும். தாடை இறுகும், பற்களை நெருமுவார்கள். அதனாலேயே சிலர் ஓயாது சூயிங்கம் மெல்லுவதுண்டு. வியர்வையும் தாகமும் மிகும். பசியும் நித்திரையும் போய்விடும். வழக்கத்துக்கு மாறான பாசம் பொங்கும். எவரையும் கட்டியணைத்து மனந்திறந்து கதைப்பார்கள். இந்த நிலை ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மணி நேரம் நீடிக்கும். அடுத்து வரும் சில நாட்களில் மனம் சோர்ந்து, காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வரலாம். வார இறுதியில் உற்சாகம், வாரத்தின் நடுவில் இருள் என்று இது திரும்பத் திரும்ப நிகழுமானால் கவனிக்க வேண்டியதே.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். பரீட்சைக்காகக் கண்விழித்த பிள்ளைக்கும் நித்திரை கெடும். காதலில் தோற்றவனும் அழுவான். காய்ச்சல்காரனும் வியர்ப்பான். இந்த அடையாளங்களில் எந்த ஒன்றும் தனியே நின்று சாட்சி சொல்லாது. வழக்கமாகப் பிள்ளை எப்படிச் சிரிப்பான், எவ்வளவு உண்பான், யாரோடு கதைப்பான் என்று அறிந்தவருக்கே மாற்றம் தெரியும். சந்தேகம் வந்த நாளில் பார்க்கத் தொடங்குபவர் எதைக் கொண்டு ஒப்பிடுவார்?

தேடலாமா?

அப்படியானால் பிள்ளையின் அலுமாரியைத் திறக்கலாமா? கைத்தொலைபேசியை ஆராயலாமா? நேர்மையான கேள்வி இது. வளர்ந்த பிள்ளைக்கும் தனக்கென ஓர் அந்தரங்கம் உண்டு. அதை மதிக்காத வீட்டில் பிள்ளை பொய் சொல்லவே பழகுவான். மறுபுறம், உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் வேளையில் அந்தரங்கத்தைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்பதும் அன்பாகாது.

எனக்குத் தோன்றும் ஒழுங்கு இதுவே. முதலில் நேரே கேளுங்கள். போதை ஏறியிருக்கும் நேரத்தில் அன்று. அது தணிந்த பின், தனிமையில். “நீ என்ன செய்தாய்?” என்று தொடங்காமல், “உன்னில் இந்த மாற்றத்தைக் கண்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது” என்று தொடங்குங்கள். ஆபத்து உண்மையிலேயே நெருங்கியிருந்தால் மட்டும் தேடுங்கள். தேடினால், தேடியதை மறைக்காது பிள்ளையிடம் சொல்லுங்கள். கண்டதை உறவினர் மத்தியில் பரப்பி அவனை அவமானப்படுத்த ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஊதாரி மைந்தனின் உவமையை நாம் அறிவோம். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டுகொண்டான். பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கே அது முடியும். மூத்த மகனும் தம்பியைக் கவனித்தவன்தான். அவன் கண்டதெல்லாம் தம்பி அழித்த பணத்தின் கணக்கு. நமது பார்வை இவ்விருவரில் யாருடையது?

அந்த ஓர் இரவு

1995ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஒரு பெண்பிள்ளை தனது 18ஆவது பிறந்தநாளைத் தன் வீட்டிலேயே கொண்டாடினாள். அன்று ஓர் எக்ஸ்டசிக் குளிசையை உட்கொண்டாள். இதை உட்கொண்டால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அந்நாட்களில் இளைஞர் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய ஏழு லீற்றர் தண்ணீர் குடித்தாள். இக்குளிசை சிறுநீர் கழிவதைத் தடுப்பதால், அத்தனை நீரும் உடலில் தங்கி, இரத்தத்தின் உப்பு குறைந்து, மூளை வீங்கியது. நினைவிழந்த அவள் சில நாட்களில் இறந்துபோனாள்.

ஆகவே இதை நினைவில் வையுங்கள். உடல் நெருப்பாய்க் கொதித்தாலும், தலைவலியும் வாந்தியும் தடுமாற்றமும் வந்தாலும், வலிப்பு வந்தாலும், நினைவு தவறினாலும் தாமதிக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வருவியுங்கள். குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் உடுப்பைத் தளர்த்துங்கள். நினைவில்லாதவரை ஒருக்களித்துக் கிடத்துங்கள். தண்ணீரை வற்புறுத்திப் பருக்காதீர்கள். வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “ஊர் என்ன சொல்லும்?” என்று குடும்ப மானத்துக்கு அஞ்சி உண்மையை மறைத்தால், வைத்தியர் இருட்டில் கை துழாவ நேரிடும். மானம் பிறகு திரும்பி வரும். பிள்ளை வருவானா?

அப்படியோர் இரவில் உங்கள் பிள்ளையோ அவனது நண்பனோ யாரை அழைப்பார்கள்? “அம்மாவுக்குச் சொல், அவ திட்டுவா, ஆனால் வருவா” என்று சொல்லக்கூடிய பிள்ளை பாக்கியசாலி. “வீட்டுக்கு மட்டும் சொல்லாதே” என்று கெஞ்சும் பிள்ளைக்கு அடையாளங்களை அறிந்த பெற்றார் இருந்தும் பயனில்லை.

எக்ஸ்டசி என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். தன்னைவிட்டு வெளியே நிற்றல் என்பது அதன் பொருள். அர்ச்சிஷ்டவர்களின் பரவசத்துக்கு வழங்கிய சொல்லை ஒரு குளிசைக்குச் சூட்டிவிட்டார்கள். பயம் நீங்கி, எல்லாரோடும் மனந்திறந்து கதைக்கும் சில மணி நேரத்துக்காகவே பலர் அதை நாடுகின்றனர். பெற்றாரே குற்றவாளிகள் என்று கூற நான் வரவில்லை. நல்ல வீட்டுப் பிள்ளைகளும் வழுவுவதுண்டு. என்றாலும், பயமின்றிக் கதைக்கும் அந்த ஆசை நமது வீட்டு மேசையில் கொஞ்சமாவது நிறைவேறுகிறதா?

இன்று இராச்சாப்பாட்டின்போது பிள்ளையின் முகத்தைச் சற்று நேரம் பாருங்கள். தூரதேசத்தில் இருந்தால் அழைத்துக் கதையுங்கள். குறை கண்டுபிடிக்க அன்று, அவனை அறிந்திருக்க.