மேப்பில் என்ன கலர்?

ஊட்டியில் ரூம் புக் பண்ணும்போது நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'வ்யூ நல்லா இருக்குமா சார்?' நானும் அதைத்தான் கேட்பேன். அந்த வ்யூவுக்காக மலையை எவ்வளவு வெட்டினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2009 நவம்பரில் நீலகிரி சரிந்தது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் 40 உயிர்களுக்கு மேல் போனது. 'இயற்கையின் சீற்றம்' என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்த்தோம்.

இனி அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. மேப் வந்துவிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014-ல் நாட்டின் மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு அபாய வரைபடம் போட ஆரம்பித்தது. சரிவு எவ்வளவு செங்குத்து, என்ன மண், என்ன பாறை, தண்ணீர் எப்படி வடிகிறது, மேலே இருப்பது காடா கட்டடமா, முன்பு எங்கே சரிந்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு மேப். கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அபாயம் அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று கலர் பிரித்துக் கொடுக்கிறது.

இது ஜோசியம் அல்ல. எங்கே என்று சொல்லும், என்றைக்கு என்று சொல்லாது. அந்த மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். தனி வீடு தெரியாது. அந்த வீட்டில் இருப்பவரால் வெளியேற முடியுமா என்பது சுத்தமாகத் தெரியாது.

நான் பி.காம். படித்தவன். வந்தாலும் வரலாம் என்கிற கடனை பேலன்ஸ் ஷீட்டின் அடியில் குறிப்பாகப் போடவேண்டும். மறைத்தால் தப்பு. மேப்பில் தெரியும் அபாயக் கலரும் அப்படி ஒரு குறிப்புதான்.

அதைப் பார்த்ததும் காட்டேஜ் ஓனர் விற்றுவிட்டு இறங்கிவிடலாம். வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்வாரா என்பது அவர் மனசாட்சி. லயன் வீட்டில் இருக்கும் தேயிலைத் தொழிலாளி என்ன செய்வார்? மலையிறங்கினால் வேலையும் இல்லை, கூரையும் இல்லை. 2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தபோது 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே. போக்கிடம் இல்லாதவரிடம் 'அப்பவே எச்சரிச்சோமே' என்று சொல்வது நியாயமா?

தெரியாதவரை நாம் காட்டியது அனுதாபம். தெரிந்தபின் அது கடன். 'கிளம்பு' என்று சொல்கிறவர்கள் போக ஓர் இடமும் காட்டத்தான் வேண்டும்.

நம் பங்கு? அடுத்த முறை வ்யூவோடு இதையும் கேளுங்கள்: 'உங்க இடம் மேப்பில் என்ன கலர் சார்?' ரிசப்ஷனில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் ஓனர் மேப்பைத் தேடுவார்.