நினைவு போனால் ஆளும் போய்விடுகிறாரா?

மூளையின் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் நோய்கள் பல. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அதை ஒட்டியும் தொடங்குவதால், அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறந்துபோகின்றன. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழிந்து உடலசைவு தடுமாறுகிறது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சிதையும் வகை மறதிநோயில் நினைவு ஓரளவு நிற்க, பெரும்பாலும் குணமும் நடத்தையும் முந்தி மாறுகின்றன. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இவற்றில் எதற்கும் இன்னும் இல்லை. பெற்ற மகனையே யாரென்று கேட்கும் தாய் பழைய தாய்தானா என்ற கேள்வியோடுதான் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. அதற்கு மூளைப் படம் மட்டும் விடை தருவதில்லை.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், 1694-இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், கடந்த செயல்களைத் தன்னுடையவை என்று ஒருவர் எதுவரை உணர்கிறாரோ அதுவரைதான் அவர் அதே ஆள் என்றார். இதன்படி, நினைவு முற்றிலும் அழிந்த நோயாளி வேறொரு ஆள் ஆகிவிடுவார். 1785-இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் தாமஸ் ரீட் இதை மறுத்தார். அவர் தந்த எடுத்துக்காட்டில், முதிய தளபதி ஒருவருக்குத் தம் இளமைப் போர் நினைவிருக்கிறது. சிறுவயதில் பட்ட பிரம்படி நினைவில்லை. ஆனால் போரிட்ட இளைஞனுக்கு அந்த அடி நினைவிருந்தது. லாக்கின் கொள்கைப்படி தளபதி அந்தச் சிறுவனாகவும் இருப்பார், இல்லாமலும் இருப்பார். இந்த முரண்பாட்டைக் காட்டி, ஆளின் அடையாளத்தை நினைவு மட்டும் தாங்க முடியாது என்றார் ரீட்.

இந்திய மரபுகளில், பௌத்தம் நிலையான ஆன்மா என்று ஒன்றை ஏற்பதில்லை. ஆள் என்பது கந்தங்கள் எனப்படும், கணந்தோறும் மாறும் ஐந்து கூறுகளின் தொடர்ச்சி. நோய் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. கருணை காட்டும் கடமை அதனால் குறைவதில்லை. சைவ சித்தாந்தம் வேறு வழியில் செல்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்களில் எதுவும் உயிர் ஆகாது என்கிறது. அரசனுக்கு அமைச்சர் போல அவை உயிருக்குத் துணை நிற்பவை. கருவிகள் இன்றி உயிர் எதையும் அறியாது என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆகவே மூளை சிதைந்து அறிவு மங்குவது இக்கொள்கைக்கு முரணன்று. கருவி கெட்டதால் உயிர் இல்லாமல் போகவில்லை என்பதே அதன் முடிவு.

தத்துவமும் உளவியலும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் அல்சைமர் உள்ளிட்ட மூன்று வகைச் சிதைவு நோயாளிகளின் உறவினரிடம், இவர் இன்னும் அதே ஆள்தானா என்று விசாரித்தனர். மறதியைக் காட்டிலும், இரக்கம், நேர்மை போன்ற ஒழுக்கப் பண்புகள் மாறியபோதே உறவினர் ஆள் மாறிவிட்டதாக உணர்ந்தனர். ஒருவரை அவராகக் காண்பதற்கு அவர் நினைவில் வைத்திருப்பதைவிட அவர் பிறரிடம் நடந்துகொள்ளும் விதமே பெரிது என்பது இதனால் தெரிகிறது.

சிகிச்சையின் முடிவுகளிலும் இக்கேள்வி நுழைகிறது. மறதிநோய் வந்தால் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைத்தவர், நோய் முற்றியபின் பாட்டு கேட்டும் விரும்பி உண்டும் மகிழ்ச்சியாக இருக்கலாம். அப்போது எந்த விருப்பத்தை மதிப்பது? முழு வாழ்வையும் எண்ணி எடுத்த பழைய முடிவையே மதிக்க வேண்டும் என்றார் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவொர்க்கின், 1993-இல். இன்று எதிரே இருப்பவரின் நலனே முதன்மை என்று அவரை மறுத்தார் சட்ட அறிஞர் ரெபெக்கா டிரெஸர். இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் இத்தகைய முன்விருப்ப ஆவணத்துக்கு ஏற்பு அளித்ததால், இங்குள்ள குடும்பங்களும் இதைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஆள் தன்மை என்பது பிறர் ஒருவருக்கு உறவில் அளிக்கும் மதிப்பு என்று 1997-இல் எழுதினார் பிரிட்டனின் உளவியலாளர் டாம் கிட்வுட். நோயாளியை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவதும் குழந்தைபோல் நடத்துவதும் நோயின் சேதத்தோடு இன்னொரு சேதத்தைச் சேர்க்கின்றன என்று அவர் காட்டியது மறதிநோய்ப் பராமரிப்பையே மாற்றியது. ஆனால் பிறர் தருவது மட்டுமே மதிப்பு என்றால், அதைப் பிறர் பறிக்கவும் முடியும். கருவி கெட்டாலும் உயிர் இல்லாமல் போவதில்லை என்னும் சைவ சித்தாந்த நிலை இங்கே அரணாகிறது. மதிப்பு உயிரிலேயே உள்ளது. உறவு அதைக் காக்கிறது என்று இரண்டையும் சேர்த்துக் கொள்வதே சரி.

நரம்பியல் மருத்துவர் அணுக்களின் இழப்பை அளக்கிறார். இயன்முறை மருத்துவர் உடலில் எஞ்சிய பழக்கத்தைக் காண்கிறார். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லுக்கு மாற்று வழி தேடுகிறார். செவிலியரும் குடும்பத்தாரும் முகக்குறிப்பைப் படிக்கிறார்கள். இவர்களில் ஒருவரின் பார்வையை மட்டும் கொண்டு ஆள் போய்விட்டார் என்று தீர்ப்புச் சொல்வது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. அந்தத் தாய் மகனின் பெயரை மறந்திருக்கலாம். ஆனாலும் தாயை அம்மா என்று அழைத்து, முகம் பார்த்துப் பேசி, அவர் விருப்பத்தைக் கேட்கும் கடமை மகனுக்கு இறுதிவரை உண்டு.