முகம் பார்க்கும் காது

தோக்கியோவில் ஒரு மருத்துவர் அறை. ஜப்பானில் பல ஆண்டுகளாக வாழும் வெளிநாட்டவர் ஒருவர், வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்று அந்நாட்டு மொழியிலேயே தெளிவாகச் சொல்கிறார். மருத்துவர் கவனமாகக் கேட்கிறார். பதிலை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜப்பானிய மனைவியிடம் சொல்கிறார். நோய் என்னவோ கணவருக்கு.

அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

'நிஹோங்கோ ஜோசு' என்பது ஜப்பானில் சகஜமான உபசாரம்: ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்களே! புதிதாக வந்தவருக்கு அது தெம்பு தரும். இரண்டாயிரம் கான்ஜி எழுத்துகளைப் பழகி, மொழித்தேர்வின் உச்சமான என்1 நிலையைத் தாண்டியவருக்கும், வணக்கம் சொன்ன மாத்திரத்தில் அதே பாராட்டு கிடைக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த கலப்புமணப் பிள்ளைகளையும் அது விடுவதில்லை. தாய்மொழியைப் பேசியதற்காக ஒரு பிள்ளை பாராட்டு வாங்குவது வேதனை.

ஆனால் எளிமையாகப் பேசுவதெல்லாம் இளக்காரம் ஆகிவிடாது. 1995இல் கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது, அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தார்கள். 'யசாஷி நிஹோங்கோ' என்னும் எளிய ஜப்பானிய மொழி அந்தத் தவிப்பிலிருந்து பிறந்தது. 'மேட்டுநிலத்தில் தஞ்சம் புகவும்' என்பதற்குப் பதில் 'உயரமான இடத்துக்கு ஓடுங்கள்'. உயிர் காக்கும் அக்கறை அது.

முதலில் தப்பாக ஊகிப்பதையும் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. 2023 முடிவில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் 34 லட்சம் பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பழக்கமில்லாத முகத்தைக் கண்டு தயங்குவது இயல்பு. ஒரு முழு வாக்கியத்தைக் காதால் கேட்ட பிறகும் ஊகத்தை விடாதிருப்பதுதான் மன்னிக்கக் கடினமானது. சீனாவில் பிறந்து, வயது வந்தபின் ஜப்பானிய மொழி கற்ற யாங் யி 2008இல் அகுதாகவா இலக்கியப் பரிசையே பெற்றுவிட்டார். அந்த மொழி வேற்று நாட்டவருக்குப் பிடிபடாது என்று இன்னும் எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு கவுன்ட்டரிலும் தம்மை நிரூபித்துக்கொண்டே இருக்கும்படி அந்த வெளிநாட்டவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை. மருத்துவர் அறையில் அந்த ஊகத்தைத் திருத்தும் பொறுப்பில் பாதி மனைவிக்கும் உண்டு. அன்போடுதான் அவர் பதில் சொல்கிறார். ஆனால் சொல்லச் சொல்லக் கணவர் அந்த அறையில் இல்லாதவராகிறார். 'அவரிடமே சொல்லுங்கள், டாக்டர்' என்று ஒருமுறை சொன்னால் போதும், மருத்துவரின் நாற்காலி கணவர் பக்கம் திரும்பிவிடும்.